ஆயிரம் பேர் எழுதும் தளம்

1991 டிசம்பர் 12 அன்று, கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துகள்முடுக்கி மையத்தில் ஒரு வலை சர்வர் இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே அமைந்த முதல் வலை சர்வர் அதுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்துக்குப் போன இயற்பியலாளர் பால் குன்ஸ், அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ காட்டிய கருவியைப் பார்த்துவிட்டு வந்து ஊரில் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் மையத்தின் நூலகர் லூயிஸ் ஆடிஸ். இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளின் பெரும் பட்டியல் ஒன்று அவர்கள் கணினியில் இருந்தது. ஆனால் அதைத் தேட, அந்தக் கணினியின் கட்டளை மொழி தெரிந்திருக்க வேண்டும். வலை வந்தால் உலகின் எந்த மூலையில் இருக்கும் இயற்பியலாளரும் சுலபமாகத் தேடலாம் என்பது நூலகருக்கு உடனே புரிந்துவிட்டது.

அந்த முதல் பக்கத்தில் மொத்தம் மூன்று வரிகள். ஆள் விவரம் தேட ஓர் இணைப்பு, கட்டுரை தேட ஓர் இணைப்பு. முத்திரை இல்லை, இயக்குநரின் புகைப்படம் இல்லை, தொலைநோக்கு அறிக்கை இல்லை.

இப்போது ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். 2010-இல் ராண்டல் மன்றோ தன் எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரத் தொடரில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். பல்கலைக்கழகங்கள் முகப்பில் வைப்பவை ஒரு வட்டத்தில்: வளாகப் புகைப்படங்கள், தலைவரின் கடிதம், பத்திரிகைச் செய்திகள். மக்கள் தேடி வருபவை இன்னொரு வட்டத்தில்: விண்ணப்பப் படிவம், கல்வி நாட்காட்டி, பேராசிரியரின் தொலைபேசி எண். இரண்டு வட்டங்களுக்கும் பொதுவாக இருந்தது நிறுவனத்தின் முழுப்பெயர் மட்டும். நம் ஊர்த் தளங்களில் இத்துடன் நகரும் எழுத்தும், கண்சிமிட்டும் ‘புதியது’ குறியும் சேர்ந்துகொள்ளும்.

மூன்று வரி எப்படி இந்தக் கதிக்கு வந்தது? கலைரசனை போதாது என்பது பாதி பதில்தான். மீதிப் பதிலை வலை பிறப்பதற்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். 1968 ஏப்ரலில் ‘டேட்டாமேஷன்’ இதழில் மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிறுவனம் எந்த அமைப்பை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சு அந்த வடிவமைப்பில் விழுந்தே தீரும் என்பது அவர் வாதம். இதே கட்டுரையை ‘ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ’ முன்பு திருப்பி அனுப்பியிருந்தது. இன்று கணினித் துறையில் இதைக் கான்வே விதி என்கிறார்கள்.

இந்த விதிக்குப் பல்கலைக்கழகத் தளத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சேர்க்கைப் பிரிவு தனி, தேர்வுப் பிரிவு தனி, விடுதி தனி, நூலகம் தனி. மாணவருக்கு வேண்டியது ஒரே ஒரு விவரம்: கட்டணம் எவ்வளவு, எப்போது, எங்கே கட்டுவது. ஆனால் தொகை ஒரு பிரிவின் பக்கத்திலும், தேதி இன்னொரு பிரிவின் சுற்றறிக்கையிலும், வங்கி விவரம் மூன்றாவது ஓர் இடத்தில் பி.டி.எஃப். கோப்பாகவும் கிடக்கும். மூன்று அலுவலகங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை என்பதை அந்தத் தளம் ஊருக்கே சொல்லிவிடுகிறது.

தளம் எழுதப்பட்ட விதம் இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கியது. 1990-களில் கணினி மையத்தில் ஒருவர் இருப்பார். துறைகளிலிருந்து தாளில் வரும் விவரத்தை அவர் எச்.டி.எம்.எல். கோப்பாகத் தட்டி சர்வரில் ஏற்றுவார். பேராசிரியர் ஒருவர் அறை மாறினால் துறைப் பக்கம், தொலைபேசிப் பட்டியல், பாடத்திட்டப் பக்கம், அவர் நடத்தும் ஆய்வுத் திட்டத்தின் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். ஒன்று எப்படியும் விட்டுப்போகும். ஓய்வுபெற்ற துறைத்தலைவர் இணையத்தில் மட்டும் தொடர்ந்து பதவி வகித்தது இப்படித்தான்.

பலரும் ஒரே தளத்தில் எழுத வழிசெய்யும் மென்பொருளுக்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று பெயர். சுருக்கமாக சி.எம்.எஸ். பல்கலைக்கழகங்களில் பரவலாகப் புழங்கும் திறமூல சி.எம்.எஸ்.களில் ஒன்றான ட்ரூபல், ஒரு பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில்தான் பிறந்தது. 2000-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நிரந்தர இணைய இணைப்பு கிடைப்பது பெரிய விஷயம். ஹான்ஸ் ஸ்னைடர் என்ற மாணவரிடம் ஓர் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு இருந்தது. அவரும் சக மாணவர் டிரீஸ் பைட்டார்ட்டும் சேர்ந்து அதைக் கம்பியில்லா முறையில் நண்பர்களுக்கும் பகிர்ந்துகொடுத்தார்கள். இணைப்பு உண்டு, பேச இடம் இல்லை. நெட்வொர்க் வேலை செய்கிறதா, இரவுச் சாப்பாடு எங்கே என்று எழுதிவைக்க டிரீஸ் ஒரு சிறு செய்திப் பலகையை எழுதினார். படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் கலைந்தபோது அந்தப் பலகை பொது இணையத்துக்கு ஏறியது. 2001 ஜனவரியில் டிரீஸ் அதற்கு ட்ரூபல் என்று பெயரிட்டு, அதன் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்.

இதே வகையில் வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. டென்மார்க்கின் காஸ்பர் ஸ்கோர்ஹோய் தொடங்கிய டைப்போ3, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. மூன்றுமே ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை: நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தில் பிறருக்கும் தரலாம். நூற்றுக்கணக்கான துறைகளும் ஆய்வகங்களும் ஆளுக்கொரு தளம் கேட்கும் இடத்தில், தளத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்காத மென்பொருளின் அருமை நிதி அலுவலருக்குத் தெரியும். பல்கலைக்கழகங்கள் வாங்குவதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தன. ஒருமுறை லாகின் செய்தால் எல்லாத் தளங்களிலும் நுழையவிடும் ‘காஸ்’ என்ற திறமூல ஏற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒவ்வொரு பேராசிரியரும் தனக்கான தளத்தைத் தானே அமைத்துக்கொள்ள உதவிய ஓபன்ஸ்காலர், ட்ரூபலை அடித்தளமாக வைத்து ஹார்வர்டில் எழுதப்பட்டது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சி.எம்.எஸ்.இல் ‘பக்கம்’ என்ற ஒன்று கிடையாது என்பதிலிருந்து தொடங்கலாம். இருப்பது தரவுத்தளம். அதில் ‘பேராசிரியர்’ என்றொரு வகை. அதற்குப் பெயர், பதவி, துறை, அறை எண், தொலைபேசி என்று புலங்கள். ‘பாடம்’ இன்னொரு வகை. அதில் ‘நடத்துபவர்’ என்ற புலத்தில் பேராசிரியரின் பெயர் இருக்காது, அவருடைய பதிவு எண் இருக்கும். நீங்கள் பாடத்தின் பக்கத்தைக் கேட்கும்போது மென்பொருள் அந்த எண்ணைப் பிடித்துப் போய்ப் பேராசிரியரின் பெயரையும் அறையையும் அந்த நொடியில் எடுத்துவந்து, டெம்ப்ளேட் எனும் அச்சில் வார்த்துத் தருகிறது. அறை மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும். ஒரு தகவலுக்கு ஒரே இருப்பிடம் என்ற இந்த ஒழுங்கின் வேர், 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்ட தரவுத்தளக் கோட்பாட்டில் இருக்கிறது.

இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: தகவலைப் புலம் புலமாகப் பிரித்து இட வேண்டும். வேர்டு கோப்பிலிருந்து மொத்தமாக நகலெடுத்து ஒரே பெட்டியில் ஒட்டினால், எட்கர் காட்டின் கோட்பாடும் உதவாது, ட்ரூபலும் உதவாது. அதைவிட மோசம், தட்டச்சு செய்த சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, படமாக ஏற்றுவது. தேடுபொறிக்கும் அது தெரியாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கும் தெரியாது. படம் ஏற்றும்போது அதற்கொரு விளக்கவரி எழுதாமல் சேமிக்கவிடாதபடி ட்ரூபலில் ஏற்பாடு உண்டு. ஆனால் ‘படம்’ என்று ஒரே சொல்லைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவரை எந்த மென்பொருளும் பிடிக்க முடியாது. இந்த அலட்சியத்துக்கு விலையும் உண்டு. காது கேளாதோர் பயன்படுத்த முடியாத நிலையில் பாட ஒலி, ஒளிப்பதிவுகள் இருப்பதாக அமெரிக்க நீதித்துறை 2016-இல் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, பெர்க்லி பல்கலைக்கழகம் 2017-இல் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எல்லோருக்கும் எட்டும்படி செய்யச் சொன்னார்கள். வெளியில் யாருக்கும் எட்டாமல் போனது.

பல்கலைக்கழகத்துக்கு சி.எம்.எஸ். தரும் பெரிய உதவி என்று நான் நினைப்பது அனுமதிப் பட்டியலை. மென்பொருளுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. மேலே பொறுப்புகள்: பார்வையாளர், எழுதுபவர், துறை ஆசிரியர், நிர்வாகி. பக்கவாட்டில் செயல்கள்: எழுதலாம், தன்னுடையதைத் திருத்தலாம், பிறருடையதைத் திருத்தலாம், வெளியிடலாம், அழிக்கலாம். கட்டத்துக்குக் கட்டம் டிக் போட வேண்டும். இந்த அட்டவணையை நிரப்ப உட்காரும் கூட்டத்தில்தான் பல்கலைக்கழகத்தின் நிஜ அரசியல் வெளியே வரும். தாவரவியல் துறை எழுதியதை வெளியிட யார் ஒப்புதல் வேண்டும்? துறைத்தலைவரா, பதிவாளர் அலுவலகமா? ஒப்புதலைக் கெடுபிடியாக்கினால் கருத்தரங்கு முடிந்த பிறகு அதன் அறிவிப்பு வெளியாகும். தளர்த்தினால் தேர்வுத் தேதியை யாரோ தவறாகப் போட்டுவிடுவார்கள். காகிதத்தில் யாரும் எழுதிவைக்காத அதிகார வரம்புகளை இந்த மென்பொருள் ‘ஆம், இல்லை’ என்று கேட்டு எழுதி வாங்கிவிடுகிறது.

அடுத்தது கூட்டம். கேட்கும்போதெல்லாம் பக்கத்தைப் புதிதாக வார்ப்பதென்றால், ஒரு பக்கத்துக்கே தரவுத்தளத்திடம் பலமுறை போய்வர வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வர் படுத்துவிடும். தமிழ்நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. எனவே ஒருமுறை வார்த்த பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து, அடுத்து வருபவருக்கும் அதையே கொடுப்பார்கள். இதற்குக் கேஷ் என்று பெயர். இதில் ஒரு தந்திரமான கேள்வி உண்டு: எடுத்துவைத்தது எப்போது பழையதாகிறது? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அழித்தால் வேலை வீண். அழிக்காவிட்டால் தேர்வு தள்ளிப்போன செய்தி வெளியே தெரியாது. ட்ரூபலின் 8-ஆம் பதிப்பு இதற்கு நேர்த்தியான விடை கண்டது. ஒரு பக்கத்தை வார்க்கும்போது அதில் எந்தெந்தப் பதிவுகள் கலந்தன என்று ஒரு சீட்டு ஒட்டிவிடும்: 17-ஆம் பதிவு, 203-ஆம் பதிவு, இந்த மெனு. 17-ஆம் பதிவை யாராவது திருத்தினால், அந்தச் சீட்டுள்ள பக்கங்கள் மட்டும் தூக்கி எறியப்படும். மற்றவை கெடாமல் இருக்கும்.

இனி, இந்தக் கதையின் பயங்கரமான பகுதி. ட்ரூபலின் பாதுகாப்புக் குழு தன் அறிவிப்புகளைப் புதன்கிழமைகளில் வெளியிடுவது வழக்கம். 2014 அக்டோபர் 15 ஒரு புதன்கிழமை. இந்திய நேரப்படி இரவு 9.30 மணிவாக்கில், 7-ஆம் பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகவும், அதை அடைத்த 7.32 பதிப்பு தயார் என்றும் அறிவிப்பு வந்தது. கண்டுபிடித்தது ஜெர்மனியின் செக்ஷன்ஐன்ஸ் நிறுவனம்.

ஓட்டை இருந்த இடம்தான் விசேஷம். லாகின் பெட்டியில் ‘கயல்’ என்று தட்டினால், மென்பொருள் தரவுத்தளத்திடம் ‘கயல் என்ற பெயரில் ஆள் உண்டா?’ என்று கேட்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறும்புக்காரர் தரவுத்தளக் கட்டளையையே தட்டிவிட்டால், கேள்வியோடு சேர்ந்து கட்டளையும் நிறைவேறிவிடும். இது பழைய வித்தை. இதைத் தடுக்க, கேள்வியை முதலில் வெற்றிடத்தோடு அமைத்துவிட்டு, வந்த பெயரைப் பிறகு அந்த வெற்றிடத்தில் வெறும் எழுத்தாக மட்டுமே வைக்க வேண்டும். ட்ரூபல் இதை ஒழுங்காகவே செய்துவந்தது. ஆனால் ஒரே நேரத்தில் பல பெயர்களைக் கேட்க நேர்ந்தால், பெயர்_0, பெயர்_1, பெயர்_2 என்று பல வெற்றிடங்களை அது உண்டாக்கும். இந்த 0, 1, 2 எங்கிருந்து வருகின்றன? வந்த பட்டியலின் வரிசைக் குறிகளிலிருந்து. அங்கேதான் கோட்டை விட்டார்கள். ட்ரூபல் எழுதப்பட்டிருக்கும் பி.எச்.பி. மொழியில், ஃபார்மை அனுப்புகிறவர் அந்தக் குறிகளைத் தன் இஷ்டத்துக்கு வைத்து அனுப்ப முடியும். 0 இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை வைத்தால், வெற்றிடத்தின் பெயராகவே அது கேள்விக்குள் நுழைந்துவிடும். உள்ளே வைக்கும் பொருளைச் சோதித்தார்கள், பெட்டியின் மேல் ஒட்டிய பெயரைச் சோதிக்கவில்லை. கடவுச்சொல் தேவையில்லை, கணக்கு தேவையில்லை, வெளியிலிருந்தே தளம் முழுவதையும் கைப்பற்றலாம்.

திருத்தம் ஒரே ஒரு வரியில். வந்த குறிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நாமே புதிதாக எண்ணிடுவது, அவ்வளவுதான். நிரல் திறந்த புத்தகம் என்பதால் அந்த ஒரு வரியை நல்லவர்களும் பார்த்தார்கள், மற்றவர்களும் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் தானியங்கித் தாக்குதல்கள் கிளம்பின. அக்டோபர் 29 அன்று பாதுகாப்புக் குழு இன்னொரு அறிவிப்பு விட்டது: முதல் அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத ஒவ்வொரு தளமும் கைமாறிவிட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள். இந்தியக் கடிகாரத்தில் அந்த ஏழு மணி நேரம் இரவு 9.30 முதல் அதிகாலை 4.30 வரை. இன்னொன்றும் சொன்னார்கள்: உங்கள் தளம் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கிறது, ஆனால் திருத்தியது நீங்கள் அல்ல என்றால் மகிழ வேண்டாம். உள்ளே புகுந்தவர், வேறு யாரும் புகாதபடி கதவை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பாடத்தை அந்தச் சமூகம் மறக்கவில்லை. 2018-இல் அதே அளவு பெரிய ஓட்டை தெரியவந்தபோது, மார்ச் 28 அன்று திருத்தம் வரும், ஆட்களைத் தயாராக வைத்திருங்கள் என்று ஒரு வாரம் முன்கூட்டியே அறிவித்தார்கள். ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் கொடுத்தார்கள்.

பல்கலைக்கழகத் தளத்தைப் பிடித்து ஒருவர் என்ன சாதிக்கப் போகிறார் என்று கேட்கலாம். மதிப்பெண்ணைத் திருத்தவா? அது பெரும்பாலும் வேறு சர்வரில் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது முகவரியின் நற்பெயர். கல்வி நிறுவனத்தின் பக்கத்தைத் தேடுபொறிகள் நம்பும். அதனால் சூதாட்டத் தளங்களுக்கும் போலி மருந்துக் கடைகளுக்கும் போகும் நூற்றுக்கணக்கான பக்கங்களை, தேடுபொறியின் கண்ணுக்கு மட்டும் படும்படி உள்ளே புதைத்துவைப்பார்கள். முகப்பைத் திறந்தால் எல்லாம் வழக்கம்போல இருக்கும். பெரும்பாலும் முதலில் விழுவது யாரும் நினைவில் வைத்திராத தளங்கள்: என்றோ நடந்த கருத்தரங்குக்கு ஓர் ஆய்வு மாணவர் அமைத்தது, முடிந்துபோன ஆய்வுத் திட்டத்துடையது. அமைத்தவர் பட்டம் வாங்கிப் போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. கருத்தரங்கு முடிந்ததும் அந்தத் தளத்தைத் தரவுத்தளம் இல்லாத வெறும் எச்.டி.எம்.எல். கோப்புகளாக மாற்றிவைத்துவிட்டால் உள்ளடக்கமும் நிலைக்கும், புகுவதற்கு வழியும் இராது. ஒருநாள் வேலை. செய்பவர்கள் குறைவு.

ஓட்டையாவது ஓரிரவில் முடிகிற விவகாரம். பதிப்பு மாறுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8, உள்ளே ஏறத்தாழ புதிய மென்பொருள். அடித்தளமாக சிம்ஃபனி என்ற பி.எச்.பி. நிரல் கட்டமைப்பு வந்தது, டெம்ப்ளேட் மொழி மாறியது. 7-இல் இருந்த தளத்தை ‘அப்டேட்’ பொத்தானை அழுத்தி 8 ஆக்க முடியாது. புதுத் தளம் கட்டி, தரவை அங்கே கொண்டுபோக வேண்டும். தொழில்நுட்பரீதியாக அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு கணினி மையத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நூறு தளங்களை ஓட்டும் இடத்துக்கு அது இடி. மாற்றம் பிடிக்காத சிலர் பழைய 7-ஐப் பிரித்தெடுத்து ‘பேக்டிராப்’ என்று தனிக்குடித்தனம் போனார்கள். திறமூல உரிமம் அதற்கும் இடம் கொடுக்கிறது. பெரும்பான்மையினர் 7-இலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அதன் ஆதரவை 2021-இல் நிறுத்துவதாக முதலில் சொன்னவர்கள், மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று நிறுத்தினார்கள்.

மென்பொருள் இலவசம் என்றதும் பலர் செய்யும் பிழை, பராமரிப்புக்கு நிதி ஒதுக்காமல் விடுவது. யானையைச் சும்மாவே கொடுத்தாலும் கட்டித் தீனி போட்டாக வேண்டும். தளம் ‘அமைக்க’ டெண்டர் விடும் நிறுவனங்கள், அதை ஐந்தாண்டு ‘வைத்திருக்க’ ஒரு பணியிடத்தை உருவாக்குவதில்லை. ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்கள் துறைக்கொரு மென்பொருள் என்று விடாமல், மையமாக ஒரே ட்ரூபல் ஏற்பாட்டை அமைத்து, எல்லோருக்கும் அதிலேயே தளம் கொடுக்கின்றன. திருத்தத்தை ஓரிடத்தில் போட்டால் எல்லாத் தளத்துக்கும் போய்ச்சேரும். துறைகளுக்கு வண்ணத்தையும் வடிவத்தையும் இஷ்டப்படி மாற்றும் சுதந்திரம் குறையும்; அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

நீங்கள் ஒரு கல்லூரியில் ஆசிரியராகவோ, மாணவராகவோ, பழைய மாணவராகவோ இருந்தால், தளத்தைப் பொறுப்பேற்றிருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதற்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா என்று கேளுங்கள். நம் முகவரியின் கீழ் மொத்தம் எத்தனை தளங்கள் இருக்கின்றன, பட்டியல் கிடைக்குமா என்று கேளுங்கள். அடுத்த புதன்கிழமை இரவு ஒரு திருத்தம் வந்தால், அதைப் போட வேண்டியவரின் பெயர் என்ன என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு குழுவின் பெயர் பதிலாக வந்தால், மறுபடியும் எழுதுங்கள்.